எஞ்சினுக்குள் பட்டின் பங்காளி

ஆரணியில் கச்சாப் பட்டு நேராகத் தறிக்குப் போவதில்லை. வந்து இறங்கும்போது அது விறைப்பாக, மங்கலாக, தொட்டால் வைக்கோல்போல இருக்கும். சாயப்பட்டறையில் பெரிய பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கும் பதத்தை நெருங்கியதும் சோப்பும் சோடாவும் கலந்து, கழிகளில் கோத்த நூல் சிட்டங்களை அதில் இறக்குவார்கள். திருப்பித் திருப்பி விடுவார்கள். வெளியே எடுக்கும்போது அதே நூல் மெத்தென்று, வெளுத்து, மினுமினுக்கும். எடைதான் குறைந்திருக்கும். ஒரு கிலோ போட்டால் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே தேறும். போன கால் கிலோ, புழு தன் கூட்டை ஒட்டவைக்கச் சுரந்த செரிசின் என்ற பசை.

இந்த வேலையில் கைப்பக்குவம் என்பது நேரம்தான். சீக்கிரம் எடுத்தால் பசை நிற்கும், சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடிக்கும். கூடுதலாக விட்டாலோ சோடாவை அள்ளிப் போட்டாலோ பசையோடு பட்டும் நைந்துபோகும். அப்படி நைந்த நூல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பாவில் ஏறி இழுவை பட்டதும்தான் இழை இழையாக அறுந்து நெசவாளரின் நாளைக் கெடுக்கும்.

இதையெல்லாம் ஒரு பட்டறையில் நின்று பார்த்த அதே நாளில், திரும்பும் வழியில், நண்பர் ஒருவரின் கார் வேலூர்ச் சாலையில் நின்றுவிட்டது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். பத்து வயதான வெளிநாட்டுச் சொகுசு கார், இரண்டாம் கையாக வாங்கியது. முதலில் இனிப்பான ஒரு வாடை வந்தது. பிறகு சிவப்பு விளக்கு, அடுத்து பானெட்டின் ஓரத்தில் ஆவி. இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டோம். எஞ்சின் மேலே இருந்ததையெல்லாம் அரை நாள் கழற்றி, அடியிலிருந்து அவர் எடுத்துக் காட்டியது விரல் தடிமனுள்ள ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். விரலால் அழுத்தினார், முறுக்குபோல நொறுங்கியது. "கூலன்ட் பைப் சார். இந்த வயசு வண்டியில இது போகத்தான் செய்யும்" என்றார்.

அந்தத் துண்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. அதை உடைத்ததும், காலையில் பாத்திரத்தில் பட்டின் பசையைக் கரைத்ததும் ஒரே வேதிவினை.

அந்தக் கறுப்புக் குழாய் பெரும்பாலும் நைலான் 66 என்ற பிளாஸ்டிக்கில், கண்ணாடி இழைத் துணுக்குகளைச் சுமார் 30 விழுக்காடு கலந்து வார்க்கப்படுவது. நைலானும் பட்டும் பங்காளிகள். பட்டு ஒரு புரதம். கிளைசின், அலனின், செரின் போன்ற அமினோ அமிலங்கள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவே உள்ள பிடிக்கு வேதியியலில் அமைடு பிணைப்பு என்று பெயர். நைலானிலும் அச்சு அசலாக அதே பிடிதான். அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935 பிப்ரவரியில் நைலான் 66-ஐ உருவாக்கினார்கள். பட்டின் அமைப்பைப் பார்த்து, புழு செய்வதை மனிதன் செய்ய முடியுமா என்று கேட்டுப் பிறந்த பொருள் என்றே அதைச் சொல்லலாம். 1940 மே மாதம் நாடு முழுக்கக் கடைக்கு வந்த நைலான் காலுறைகள் ஜப்பானியப் பட்டின் சந்தையைத்தான் முதலில் பிடித்தன. கரோதர்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1937-லேயே இறந்துவிட்டார்.

அமைடு பிணைப்பு உருவாகும் விதத்திலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. நைலான் செய்யும்போது அமிலம் ஒரு பக்கமும் அமீன் ஒரு பக்கமும் சேர்ந்து பிடிபோடும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியே தள்ளப்படுகிறது. அந்த நீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தால்தான் சங்கிலி நீளும். அப்படியானால், நீரைத் திரும்ப உள்ளே விட்டு, சூடும் கொடுத்தால்? பிடி விடும். நீர் மூலக்கூறு பிணைப்பின் நடுவில் புகுந்து, சங்கிலியை அமிலமாகவும் அமீனாகவும் மறுபடி இரண்டாக்கும். இதை நீராற்பகுப்பு என்பார்கள். அறை வெப்பநிலையில் நூற்றாண்டுகளுக்கு நடக்காது என்று சொல்லுமளவுக்கு மெதுவான வினை இது. பீரோவில் பாட்டியின் கூறைப்புடவை பத்திரமாக இருப்பது அதனால்தான். சூடு ஏறினால் கதை வேறு. தோராயமாக ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் வேகம் இரண்டு மடங்காகும் என்பது வேதியியலாளர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. காரமோ அமிலமோ சேர்ந்தால் இன்னும் விரைவு. சாயப்பட்டறையில் சோடாவின் வேலை அந்தக் காரத்தைக் கொடுப்பது.

பசை கரையும்போது பட்டு மட்டும் ஏன் தப்புகிறது? பட்டின் உள்ளிழையான ஃபைப்ராயினில் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கமாய் அடுக்கி, படிகமாக இறுகியிருக்கின்றன. நீர் உள்ளே நுழைய இடம் குறைவு. செரிசின் தளர்வானது, நீரை விரும்புவது. அதனால் முதலில் அது போகிறது. நைலானிலும் இப்படிப் படிகப் பகுதியும் தளர்ந்த பகுதியும் கலந்துதான் இருக்கும். தளர்ந்த பகுதி வழியாகத் தண்ணீர் நுழையும். நைலான் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் என்பது பலருக்குத் தெரியாது. நீரிலேயே ஊறவிட்டால் தன் எடையில் 8 விழுக்காடு வரை உறிஞ்சிக்கொள்ளும். பட்டும் அப்படித்தான். பட்டு வியாபாரத்தில் 11 விழுக்காடு ஈரத்தை வழக்கமான அளவாகக் கணக்கில் வைத்துத்தான் எடையே பேசுகிறார்கள்.

இனி அந்தக் குழாய் வேலை செய்யும் இடத்தைப் பார்ப்போம். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல், எஞ்சினின் சுவரைச் சூடாக்கி, கூலன்டின் தலையில் விழுகிறது. கூலன்ட் என்பது தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கலந்தது, துருவைத் தடுக்கும் உப்புகளும் சேர்ந்தது. மூடிய சுற்றில், வெளிக்காற்றைவிட ஒரு பார் முதல் ஒன்றரை பார் வரை கூடுதல் அழுத்தத்தில் அது ஓடுகிறது. கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 100 பாகையைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்தச் சில எஞ்சின்கள் வேண்டுமென்றே சூடாக ஓட்டப்படுகின்றன. பி.எம்.டபிள்யூ. போன்றவை, சுமை குறைவாக இருக்கும்போது கூலன்டை 105 பாகை வாக்கில் வைத்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுகளைப் பயன்படுத்தியிருக்கின்றன. எண்ணெய் இளகி உராய்வு குறையும், மைலேஜ் கூடும். ஆனால் 90 பாகையில் ஓடும் எஞ்சினை ஒப்பிட்டால், மேலே சொன்ன கணக்குப்படி நைலான் பிணைப்புகள் அறுபடும் வேகம் மூன்று மடங்குக்கு அருகில் போய்விடும்.

நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் கார் என்றாலும் பத்து ஆண்டில் 3,650 மணி நேரம். எஞ்சினை அணைத்த பிறகும் விடிவில்லை. பம்ப் நின்றதும் கூலன்ட் நகராது. காற்றும் அடிக்காது. எஞ்சின் உலோகத்தில் தேங்கிய சூடு மெல்ல வெளியேறி, பக்கத்தில் இருக்கும் குழாயைச் சிறிது நேரம் மேலும் வேகவைக்கும். சித்திரை வெயிலில் வேலூர், ஆரணிப் பக்கம் நிறுத்திய காரில் அந்தச் சூடு தணிய இன்னும் நேரமாகும். சாயக்காரர் நேரம் பார்த்துச் சிட்டத்தைத் தூக்கிவிடுகிறார். குழாயை யாரும் தூக்குவதில்லை.

கூலன்ட் பழையதாகப் பழையதாக நிலைமை இன்னும் மோசமாகும். கிளைக்கால் சூட்டிலும் காற்றின் ஆக்சிஜனிலும் சிதைந்து அமிலங்களாக மாறும். புதிய கூலன்டில் அதை அடக்கும் உப்புகள் இருக்கும். வருடங்கள் போகப்போக அவை தீரும். தீர்ந்த பிறகு அந்த அமிலமே நீராற்பகுப்பைத் துரிதப்படுத்தும். பட்டறையில் சோடா செய்ததை இங்கே அமிலம் செய்கிறது.

ஆனால் வெறும் சங்கிலி அறுபடுவதோடு முடிந்தால், குழாய் ஒரே சீராகத் தேய்ந்து எங்கோ ஓரிடத்தில் கசியும். நடப்பது அதுவல்ல. பல குழாய்கள் நேர்கோடாக, யாரோ கத்தியால் வகுந்ததுபோலப் பிளக்கின்றன. இதன் காரணத்தை ஆரணிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. தறியைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

வளைந்து நெளியும் உள்ளீடற்ற குழாயை ஒரே அச்சில் வார்ப்பது கடினம். அதனால் சில குழாய்களை நீளவாக்கில் இரண்டு பாதிகளாக வார்த்து, விளிம்புகளை உருக்கி ஒன்றோடொன்று ஒட்டுகிறார்கள். நைலானுக்கு வலு கொடுப்பவை உள்ளே இருக்கும் கண்ணாடித் துணுக்குகள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது அவை ஓட்டத்தின் திசையில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். ஒட்டிய கோட்டில் என்ன ஆகிறது? இந்தப் பக்கத்துத் துணுக்குகள் இந்தப் பக்கத்தோடு நிற்கின்றன, அந்தப் பக்கத்தவை அந்தப் பக்கத்தோடு. கோட்டைக் கடந்து போகும் இழை கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பாவு மட்டும் ஓடி, ஊடை போகாத துணி எப்படி இருக்கும்? நீளவாக்கில் இழுத்தால் தாங்கும், குறுக்கே இழுத்தால் பிரிந்துவிடும். அந்தக் கோட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது கண்ணாடி இல்லாத வெறும் நைலான். உள்ளிருந்து அழுத்தும் கூலன்ட் இழுப்பதோ சரியாகக் குறுக்குவாக்கில். குழாயின் சுற்றுத் திசையில் ஏற்படும் இழுவிசை நீளத் திசையில் ஏற்படுவதைப்போல் இரண்டு மடங்கு என்பது பொறியியல் முதலாண்டுப் பாடம். 

இதோடு ஒவ்வொரு பயணமும் ஒரு சூடேற்றம், ஒரு குளிர்ச்சி. அலுமினிய எஞ்சின் ஒரு அளவில் விரிகிறது, நைலான் இழைத் திசையில் ஒரு அளவில், குறுக்கே வேறொரு அளவில். குழாயின் இரு முனைகளும் எஞ்சினில் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசமெல்லாம் குழாயின் உடம்பில்தான் இறங்கும். முனையில் உள்ள ரப்பர் ஓ-ரிங் வருடக்கணக்கில் அழுந்தித் தட்டையாகி, தன் துள்ளலை இழக்கும். ஆகவே மூட்டில் கசிவு, ஒட்டுக்கோட்டில் பிளவு, கழுத்தில் முறிவு என்று மூன்று விதமாக மெக்கானிக்குகள் இதைச் சந்திக்கிறார்கள்.

உலகம் இதைப் பெரிய அளவில் பேசியது போர்ஷே கேயென் காரை வைத்து. 2003 முதல் 2006 வரையிலான வி8 மாடல்களில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், காற்று உள்ளிழுக்கும் பகுதிக்கு அடியில், கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக்கில் போடப்பட்டிருந்தன. எஞ்சினில் அதைவிடச் சூடான, காற்றோட்டமில்லாத மூலை குறைவு. குழாய்கள் வெடித்தன. பின்னர் அலுமினியக் குழாய்கள் மாற்றாக வந்தன. அமெரிக்காவில் உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகள் ஒஹாயோ மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு, சமரசத் தீர்வில் முடிந்தன. பி.எம்.டபிள்யூ.வின் பழைய ஆறு சிலிண்டர் கார்களில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தும் கூலன்ட் தொட்டியும் விரிசல் விடுவது உலகெங்கும் பழகிய வேலை. ஜாகுவார், லேண்ட் ரோவர் கார்களின் 5.0 லிட்டர் வி8, 3.0 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி6 எஞ்சின்களில் இரண்டு பாதிகளை ஒட்டிய குழாய்கள் உண்டு. நான் மேலே விவரித்த ஒட்டுக்கோட்டுப் பிளவுக்கு அவையே பாடப்புத்தக எடுத்துக்காட்டு. சில குழாய்களை எட்ட வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜரையே தூக்கி வைக்க வேண்டும். குழாயின் விலை சிறியது, அதை எட்டும் கூலி பெரியது.

ஒரு சந்தேகம் வரலாம். சாதாரண கார்களிலும் ரேடியேட்டர் தொட்டி இதே கண்ணாடி நைலான்தானே, அவை பல வருடம் தாங்குகின்றனவே? உண்மை. அங்கே ரேடியேட்டர் முன்னால், காற்றில் நிற்கிறது. எஞ்சினோடு அதை இணைப்பது வளைந்துகொடுக்கும் தடித்த ரப்பர் ஹோஸ். வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், உள்ளூர்க் கடையில் கிடைக்கும். சொகுசு எஞ்சினில் அதே பொருளை இரண்டு சிலிண்டர் வரிசைகளின் நடுவே, டர்போவுக்கோ சூப்பர்சார்ஜருக்கோ பக்கத்தில், கண் படாத இடத்தில் புதைத்திருக்கிறார்கள். பொருளைவிட அதை வைத்த இடம்தான் பெரிய குற்றவாளி என்பது என் எண்ணம்.

பிளாஸ்டிக்கைத் தேர்ந்தவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கண்ணாடி நைலானின் அடர்த்தி அலுமினியத்தில் பாதி, எஃகில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. துருப்பிடிக்காது. ஐந்தாறு கிளைகள், சென்சார் பொருத்தும் இடம், மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் கொண்டுவரலாம். தொழிற்சாலையில் ஒரு 'கிளிக்' சத்தத்தில் மாட்டிவிடலாம். புகை விதிகளும் மைலேஜ் விதிகளும் ஒவ்வொரு நூறு கிராமையும் கணக்குக் கேட்கும் காலத்தில் இது சின்ன லாபமல்ல. நீராற்பகுப்பைத் தாங்கும் சேர்மானங்கள் கலந்த நைலான் வகைகளும் வந்திருக்கின்றன. பாலிஃபினிலின் சல்பைடு என்றொரு பிளாஸ்டிக் இருக்கிறது. அதன் சங்கிலியில் அமைடு பிணைப்பே கிடையாது, அதனால் கொதிக்கும் கூலன்ட் அதை வெட்ட வழியில்லை. விலை கூடுதல். சில கார்களில் சூடான மூலைகளுக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஆக, வழி தெரியாமல் நடக்கும் தவறல்ல இது. காரின் உத்தரவாதக் காலம் எவ்வளவு, குழாயின் ஆயுள் எவ்வளவு என்று போடும் கணக்கில், உத்தரவாதம் முடிந்த பிறகு வண்டியை வாங்குபவர் எங்கும் வருவதில்லை.

அப்படிக் கணக்கில் வராதவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதிதாக எண்பது லட்சம், ஒரு கோடி விற்ற கார், எட்டுப் பத்து வருடம் கழித்துச் சிறு நகரங்களுக்குப் பதினைந்து இருபது லட்சத்துக்கு வந்து சேர்கிறது. சரியாகக் குழாயின் வயது முடியும் நேரத்தில்.

செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. 2007 முதல் கார்களைப் பொருத்தி வருகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் திட்டமிட்ட ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ஜாகுவார் லேண்ட் ரோவர் 2008 முதல் டாடாவுக்குச் சொந்தம், அந்தக் கார்களையும் அங்கே தயாரிப்பதே அன்று சொன்ன திட்டம். ஆரணிக்கும் பனப்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நைலானின் மூத்த பங்காளியை நெய்யும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த பிறகாவது, எந்தக் குழாயை எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள் என்று இந்த நிறுவனங்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. டைமிங் பெல்ட்டுக்கு எழுதுகிறார்கள், பிரேக் ஆயிலுக்கு எழுதுகிறார்கள். கூலன்ட் குழாய்க்கு எழுதாமல் விட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில. கூலன்டைக் கையேட்டில் சொன்ன வகையில், சொன்ன காலத்தில் மாற்றுங்கள். குறைந்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடின நீரில் சோப்பு திரிந்துபோவதைச் சாயப்பட்டறையில் பார்த்திருப்பீர்கள், அதே சுண்ணாம்பு எஞ்சினுக்குள் படியும். வழியில் வேறு கதியில்லாவிட்டால் குடிதண்ணீர் ஊற்றி ஊர் சேருங்கள், பிறகு முழுவதையும் மாற்றிவிடுங்கள். கூலன்ட் அடிக்கடி குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை என்றால் திருப்தி அடையாதீர்கள். சூடான எஞ்சின் மேல் கசிவது தரைக்கு வருவதற்குள் ஆவியாகி, மூட்டுகளில் வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். இனிப்பு வாடையை ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். தரையில் சிந்தினால் கழுவிவிடுங்கள், எத்திலீன் கிளைக்கால் விஷம், அந்த இனிப்புக்காக நாய்கள் நக்கும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் வெப்பமானியைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும், முள் பொய் சொல்லும். சில நிமிட ஓட்டத்தில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில ஆயிரத்துக் குழாய் சில லட்சத்து எஞ்சினைத் தின்பது அந்த நிமிடங்களில்தான். நிறுத்துங்கள். எஞ்சின் ஆறும்வரை கூலன்ட் மூடியைத் தொடாதீர்கள், அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் சீட்டையும் பார்ப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கூலன்ட் குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன, பில் இருக்கிறதா? இல்லையென்றால், அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டு வாங்கி, முதல் வேலையாக அவற்றை மாற்றுங்கள். அலுமினியக் குழாய் கிடைக்கும் எஞ்சின் என்றால் அதையே போடச் சொல்லுங்கள்.